சிறந்த விடை

சர்வதேச வணிக உத்திப் படிப்பில் கற்பனைக் கேள்விகள் கேட்ட காலமெல்லாம் போயிற்று. இப்போது நிறுவனங்களே கேள்வி அனுப்புகின்றன. முதல் மதிப்பெண் பெறும் விடை அன்றைக்கே நடைமுறைக்கு வந்துவிடும்.

பிரவீணா வினாத்தாளைப் படித்தாள். 'வெளிநாட்டில் வரி ஏறிவிட்டது. திருப்பூரிலுள்ள நான்கு பனியன் யூனிட்டுகளில் எதை மூடலாம்?' கம்பெனியின் பெயர் இல்லை. நான்காவது யூனிட்டின் விவரத்தில் ஒரு வரி இருந்தது: 'நேற்று தையல் மெஷின் ஊசி ஏறி ஒரு பெண்ணுக்கு ஆள்காட்டி விரலில் காயம்.'

காலையில் அம்மா கட்டுப்போட்ட ஆள்காட்டி விரலோடுதான் அவளுக்குத் தலை பின்னிவிட்டாள்.

பழைய மெஷின்கள், கூடுதல் செலவு. சரியான விடை நான்காவது யூனிட்தான் என்று பிரவீணாவுக்குத் தெரிந்தது. எதையும் மூடக்கூடாது என்று பதினோரு பக்கம் மன்றாடி எழுதினாள். வெளியே வருவதற்குள் போனில் முடிவு வந்துவிட்டது. பூஜ்யம். உதவித்தொகையும் ரத்து.

சாயங்காலம் அம்மா டிபன் பாக்ஸோடு வந்து நின்றாள்.

"யூனிட்ட சாத்திப்போட்டாங்க கண்ணு. பரீட்சைல யாரோ நல்லாப் படிக்கிற புள்ள எழுதுன விடையாமா." கொஞ்சம் தயங்கினாள். "அது நீயா இருக்கோணும்னு வழியெல்லாம் சாமிய வேண்டிக்கிட்டே வந்தேன். நீதானே?"