கடைசி வெள்ளிக்கிழமை

டோல்கேட்காரர் தன் மேலேயே வெந்நீரைக் கொட்டிக்கொண்டதை முதலில் கவனித்தது டீச்சர்தான். காகிதக் கோப்பை பாதி காலியாகி, சட்டை நனைந்திருந்தது.

“என்ன தம்பி, பயமா இருக்கா?”

“நாளைக்குக் காலைல முதல் ஆளே நான்தான் டீச்சர்.”

அவ்வளவுதான், அறையே எழுந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. எழுவது என்பது அந்த அறையில் லேசுப்பட்ட காரியமில்லை. இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் அத்தனை பேரும். நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பெருமூச்சு விட்டன.

ரிட்டயர்டு ஏட்டு அவர் முதுகில் தட்டு ஒன்று வைத்தார். “திருடன் ஓடினா துரத்த முடியாமலே சர்வீஸை முடிச்சவன்யா நான். நானே துணிஞ்சுட்டேன், உனக்கென்ன? நாங்க இத்தனை பேர் இருக்கோம்ல!”

டோல்கேட்காரர் தலையாட்டினார். நாலு வெள்ளிக்கிழமையாக இப்படித்தான். ஆபரேஷனுக்கு முன்னால் தைரியம் ஊட்ட ஆஸ்பத்திரி நடத்தும் கூட்டம். ஒருவர் எடை ஒரு கிலோ குறைந்தால் மற்றவர்கள் கைதட்டுவார்கள், குறையாவிட்டால் இன்னும் பலமாகத் தட்டுவார்கள்.

கடைசி வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ‘வாழ்வியல் வழிகாட்டி’ வருவார். வந்தார். ஒட்டடைக் குச்சிக்குக் கோட்டு மாட்டிய உடம்பு. பத்துப் பேர் இருக்கிற அறைக்கு மைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“என் உயிரினும் மேலான குடும்பமே!” என்று ஆரம்பித்தவர், உயிரினும் மேலான ஏட்டின் பெயரை அவர் சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் குனிந்து பார்த்துப் படித்தார். அடுத்து டோல்கேட்காரரிடம் வந்து நெற்றியைச் சுருக்கினார்.

“உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?”

“டோல்கேட்ல பார்த்திருப்பீங்க சார்.”

“இருக்கும், இருக்கும். ஊர் ஊராப் போறவனாச்சே நான்!” கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மைக்குக்குத் திரும்பினார். “சிற்பி கல்லைச் செதுக்கிச் சிலையாக்குறான். டாக்டர் உங்களைச் செதுக்கப் போறார். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கல்லு மாதிரி படுத்திருக்கணும்!”

எல்லோரும் சிரித்தார்கள். டோல்கேட்காரர் ஒரு நொடி முன்னாலேயே சிரித்துவிட்டார். பாவம், பதற்றம்.

“இன்னையோட உங்க பேட்ச் முடியுது. அடுத்த வெள்ளிக்கிழமை புது பேட்ச் வந்துரும். ஆபரேஷன் ஆனவங்களுக்கு இந்த அறையில வேலை இல்லை. அதோ, வெளியே ஓர் உலகம் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு!”

கைதட்டல் கூரையைத் தொட்டது. டோல்கேட்காரரின் கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன.

அவருக்காகக் காத்திருந்த உலகம் அவருக்குத் தெரியாததா? ஒரு கூண்டு, அதில் ஒரு ஜன்னல். கை நீளும், சீட்டு வாங்கும், போய்விடும். கைக்குப் பின்னால் இருக்கும் முகம் ஒரு தடவையும் இந்தப் பக்கம் திரும்பியதில்லை.

வீடு என்றால் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. கீழே இறங்கி வந்தால், “தம்பி, அந்த சோஃபா வேண்டாம், புதுசு” என்பார் அண்ணி. ஆபரேஷன் என்றதும் அண்ணன் பேப்பரை மடிக்காமலே சொன்னார்: “வாயைக் கட்டத் தெரியாதவன் வயித்தைக் கட்டப் போறானாம்.”

பெரிய டாக்டர் மட்டும் முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். “உங்க இதயம் ரெண்டு ஆள் வேலை பார்க்குது. ரொம்ப நாள் தாங்காது. தள்ளிப் போட்டீங்கன்னா அப்புறம் நான் பொறுப்பில்லை.”

கூட்டம் கலைந்தது. டீச்சர் டோல்கேட்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கை அவர் கைக்குள் வந்து, மீதிச் சில்லறை கேட்காமல், அப்படியே தங்கியது.

“என் நம்பரைப் போட்டுக்குங்க தம்பி. எந்நேரம்னாலும் கூப்பிடுங்க. யாரும் இல்லைன்னு மட்டும் நினைச்சுராதீங்க, இந்த அக்கா இருக்கேன்.”

டோல்கேட்காரர் தன் போனில் ‘டீச்சர்’ என்று அடித்தார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. ‘டீச்சர் 2’ என்று மாற்றிப் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

“போய்ட்டு வாய்யா, சிங்கம்!” என்று ஏட்டு அனுப்பிவைத்தார். அட்மிஷன் கவுன்ட்டர் தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டினாள்.

“சீட்டைக் குடுங்க. அட்மிஷன்தானே?”

அவர் திரும்பிப் பார்த்தார். அறை வாசலில் மொத்தக் குடும்பமும் நின்று கையசைத்துக்கொண்டிருந்தது. ஏட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

அவரும் நன்றாகக் கையசைத்தார். பிறகு கண்ணாடியின் ஓட்டைப் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“வழக்கம்போல, என்னை அடுத்த பேட்ச்ல போட்டுரும்மா.”