அமுங்கிப்போன பிரேக்

“மனுசன் உசுரோட விளையாடுறதுக்கு ஒரு கராஜ். அதுக்கு வாசல்ல ஒரு போர்டு வேற,” என்றான் கந்தப்பன்.

நுவரெலியா கடைத்தெருவில் அவன் குரல் எட்டாத கடை இல்லை. கந்தப்பன் வாயைத் திறந்தால் நானுஓயாவில் ரயில் ஊதுவது காதில் விழாது என்று அவன் லொறி ஓட்டும் தேயிலைத் தோட்டத்தில் சொல்வார்கள். எதிரே தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கிளாசும் கையுமாக வெளியே வந்துவிட்டார்கள்.

கராஜ்காரர் ஹலீம் நானா கையைத் துடைத்துக்கொண்டு லொறிப் பக்கம் வந்தார். தோட்டத்து லொறியின் பிரேக்கைப் போன வாரம் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

“தேயிலைப் பெட்டி ஏத்திக்கிட்டு ஸ்டேசனுக்கு இறங்குறேன். வளைவுல பிரேக்கை மிதிச்சா, பஞ்சு மெத்தையில கால வச்சாப்புல உள்ள போகுது. மண் மேட்டுல சாத்தி நிறுத்தினேன். வேற எவனாச்சும் ஓட்டியிருந்தா இந்நேரம் பெட்டியும் அவனும் பள்ளத்துல.”

உண்மையில் மண் மேட்டில் சாத்தியது கந்தப்பன் இல்லை. லொறிதான் தானாகப் போய்ச் சாய்ந்துகொண்டது. அந்த நேரத்தில் அவன் கண்ணை இறுக்க மூடி, குலதெய்வத்தின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தான். பிறகு முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து மேலே கராஜுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். இதையெல்லாம் கடைத்தெருவுக்கா சொல்ல முடியும்?

சொல்லாத இன்னொன்றும் இருந்தது. தோட்டத்துத் தொரை வந்துகொண்டிருந்தார்.

“வண்டி தப்புன்னா சரி. டிரைவர் தப்புன்னா நாளையிலருந்து நீ கவ்வாத்து” என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். ஸ்டியரிங் பிடித்த கையில் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடி வெட்டப் போகிறவனை யார் ‘டிரைவரண்ணே’ என்று கூப்பிடுவார்கள்? சொந்தப் பெண்சாதி பூரணியே மதிக்க மாட்டாள்.

ஹலீம் நானா லொறியில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். அமுங்கிற்று. விட்டு விட்டு நாலைந்து தரம் மிதித்தார். சற்று இறுகிற்று. காலை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கிற்று.

“காத்துப் புடிச்சிருக்கு. இதச் சொல்ல நீங்க எதுக்கு, நானே போதுமே,” என்றான் கந்தப்பன்.

“காத்துன்னா நாலு மிதியில இறுகி நிக்கும் அண்ணே. இது நிக்காம இறங்குதே.”

“அப்ப சக்கரத்துல ஒழுகுது.”

நானா லொறிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு சக்கரத்தையும் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்தே வந்தது.

“ஒழுகலையே அண்ணே.”

“ஒழுகாததும் உங்க வேலைக் குறைதான்.”

தேத்தண்ணிக் கடையில் சிரித்தார்கள். கந்தப்பனுக்குத் தோள் ஒரு சாண் உயர்ந்தது.

“அப்ப உள்ள ரப்பர் ஊதியிருக்கணும். எண்ணெயப் பாப்போம்,” என்று நானா காலடிப் பலகையைத் தூக்கி, பிரேக் எண்ணெய் டப்பாவின் மூடியைத் திருகினார். கந்தப்பனும் எட்டிப் பார்த்தான்.

உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கட்டி. இந்த ஊர்க் குளிருக்குத் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் உறைந்து கிடக்குமே, அது மாதிரி. மாதிரி என்ன, அதுவேதான். மணமும் அதுவேதான்.

கந்தப்பன் எட்டிய தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

முந்தாநாள் ஆயுத பூசை. லொறிக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்ததோடு விட்டிருக்கலாம். பிரேக் எண்ணெய் கொஞ்சம் குறைந்திருந்ததைப் பார்த்தான். மாரியம்மன் விளக்கில் ஊற்றிய மிச்சம் கையில் இருந்தது. கடை எண்ணெயை விட அம்மன் எண்ணெய் உசத்தி இல்லையா? கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு அவனேதான் ஊற்றினான். அவனேதான் மூடியும் போட்டான்.

“நானா...” என்றான்.

அதற்குள் தொரையின் கார் வந்து நின்றது.

“என்னா கோளாறு? யார் தப்பு?”

ஹலீம் நானா டப்பாவை மூடிவிட்டுக் கீழே இறங்கினார்.

“என் தப்புதான் தொரை. போன வாரம் வேலையச் சரியா முடிக்காம விட்டுட்டேன். இன்னிக்கே சரி பண்ணித் தாறேன்.”

தொரை இங்கிலீசில் திட்டினார். யாரும் அதைத் தமிழில் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பிறகு கந்தப்பனைப் பார்த்து, “பெட்டி எல்லாம் காப்பாத்திட்ட. நல்ல டிரைவர்,” என்று தோளில் தட்டினார்.

“நானும் அப்பலருந்து அதைத்தாங்க தொரை சொல்லிக்கிட்டிருக்கேன்,” என்றது கந்தப்பனின் வாய். பழகின வாய், அவனைக் கேட்டா பேசுகிறது?

கார் போனதும் தேத்தண்ணிக் கடையில் தீர்ப்பு வந்துவிட்டது.

“டிரைவரண்ணன் சொன்னது சரியாப் போச்சு பாத்தியா.”

“இனிமே இந்தக் கராஜ் பக்கம் எவன் வண்டிய விடுவான்?”

கந்தப்பன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஹலீம் நானா விரலில் துணியைச் சுற்றி எண்ணெய்க் கட்டிகளை வழித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய்க் குந்தினான்.

“ஊத்துனது நான்னு தெரிஞ்சுமா நானா, எனக்காக தொரைகிட்ட பொய் சொன்னீங்க?”

நானா துணியை உதறினார்.

“பொய்யா? வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போற மனுசன் அண்ணே நான். உங்க கையைப் பத்தித் தெரிஞ்சும், நீங்க திறக்க முடியாதபடி அந்த மூடிய இறுக்காம விட்டேனே, அது என் தப்புத்தானே?”