அம்மா கொடுத்த முத்தம்

மிருதுளாவுக்குப் பதினான்கு வயதில் பல்லுக்கு க்ளிப் போட்டார்கள். கிருமி அண்டாத பூச்சு பூசிய க்ளிப். அதைக் கழற்றிப் பல வருடங்களாகியும் பூச்சு மட்டும் பல்லைவிட்டுப் போகவில்லை. ஒரு சொத்தைகூட இல்லாத வாய் என்று அவளுக்குப் பெருமைதான், மகன் துருவன் பிறக்கும்வரை.

ஏழு மாதமாகியும் குழந்தைக்கு எடை ஏறவில்லை. குடித்ததெல்லாம் வயிற்றுப்போக்காகப் போனது. கோவையில் பார்த்த டாக்டர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"தாய் வாயிலேர்ந்து பிள்ளைக்குப் போக வேண்டிய நல்ல கிருமி உங்ககிட்ட இல்லைம்மா. க்ளிப் போடாத யாராவது தினமும் முத்தம் கொடுக்கட்டும். நீங்க கொடுக்காதீங்க. உங்க பல்லுப் பூச்சு பட்டா அவங்க கொடுத்த கிருமியும் செத்துடும்."

கணவன், சொந்தபந்தம் எல்லோர் வாயிலும் அதே பூச்சுதான். தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது, வீட்டில் பாத்திரம் கழுவும் மாராத்தாள்.

"என்ற வாயிங்களா அம்மிணி?" என்று கூசிப்போனாள் அவள்.

பத்தே நாளில் குழந்தை தேறினான். மாராத்தாள் குரல் கேட்டாலே வாசல் பக்கம் திரும்பினான். அவள் முத்தமிடும் நேரத்தில் மிருதுளா சமையலறைக்குள் போய் நின்றுகொள்வாள். ஒருநாள் போக முடியவில்லை.

"அக்கா, இன்னொண்ணு கொடுங்க. இது அம்மா கொடுத்ததுன்னு சொல்லிக் கொடுங்க."

மாராத்தாளுக்குக் கண் கலங்கியது. "இது உங்கம்மா குடுத்தது கண்ணு" என்று சொல்லி, அவன் உதட்டில் அழுந்த முத்தமிட்டாள்.

துருவன் கையைக் காலை உதைத்துக்கொண்டு சிரித்தான். மாராத்தாளைப் பார்த்துத்தான்.