மூன்றாவது கட்டம்

அரசு மழலையர் வகுப்புக்குச் சேர்க்கை நடத்தும் அந்த அதிகாரிக்கு ஊரே வைத்த பெயர் 'ரூல் மேடம்'. குழந்தைக்கு நாலு வயசு முடிய ஒரு நாள் குறைந்தாலும், அடுத்த வருஷம் வரச் சொல்லி அனுப்பிவிடுவார்.

அன்று அவர் முன்னால் இடுப்பில் மகளோடு நின்றவள், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை செய்பவள். தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட்.

மேடம் இருக்கிற மூன்று வழியையும் சொன்னார். முழு நாள் வகுப்பு. அரை நாள் வகுப்பு. மூன்றாவது, காலையில் மட்டும். ஆனால் அம்மாவோ அப்பாவோ தினமும் கூடவே உட்கார வேண்டும்.

"முழு நாள் வேணும் மேடம். நாள் பூரா இருந்தா நாலு எழுத்து கூடக் கத்துக்குவா."

பக்கத்து வீட்டுக்காரி பூர்த்தி செய்து கொடுத்த படிவத்தில், விட்டுப்போயிருந்த டிக்கை அங்கேயே போட்டு நீட்டினாள். மேடம் படிவத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"உங்களுக்கு மூணாவதுதான்மா."

"ஏன், முழு நாள்ல இடம் இல்லையா?"

"இருக்கு. படிவப்படி இதுதான். அடுத்தவங்க வாங்க."

அடுத்து நின்றவளுக்கு இரண்டே நிமிஷத்தில் முழு நாள் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். ஆள் பார்த்து இடம் கொடுக்கிற பொம்பளை, நல்லா இருப்பாளா என்றாள். அவன் ரொட்டிக் கடையில் விடியற்காலை வேலைக்குப் போய் மதியம் திரும்புகிறவன். மத்தியானம் பிள்ளையை நான் பார்த்துக்கறேன், கோபத்தில் கிடைத்த இடத்தை விட்டுடாதே என்று சமாதானம் சொன்னான்.

வகுப்பில் குட்டி நாற்காலிகள். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடித்தது. டீச்சர் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போலவே பெரியவர்களுக்கும் ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்தாள். பிள்ளை எழுதுவதைக் கூட வந்தவரும் எழுத வேண்டும், அதுதான் இந்த வகுப்பின் விதி என்றாள்.

அவளுக்கு எழுத்து தெரியாது. அது புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட நேரமில்லை என்று சொல்லித்தான் படிவத்தை எழுத வைத்திருந்தாள்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, உன் 'அ'வுக்குக் காலே இல்ல" என்று சொல்லி, அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்துக் கால் போட்டுவிட்டாள்.

மாதங்கள் ஓடின. துணி மூட்டைகளில் ஒட்டியிருக்கும் வார்டு பெயர்களை அவளே வாசித்துப் பிரிக்க ஆரம்பித்தாள். சந்தோஷம்தான். ஆனாலும் மேடம் மேல் இருந்த ஆத்திரம் மட்டும் ஆறவில்லை. இடம் இருந்தும் என் பிள்ளைக்கு ஏன் கொடுக்கவில்லை?

மூன்று நாள் உட்கார்ந்து ஒரு புகார்க் கடிதம் எழுதினாள். நேரே கொண்டுபோய் மேடத்தின் மேஜையிலேயே வைத்தாள்.

மேடம் நிதானமாகப் படித்தார்.

"யாரும்மா எழுதிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல. நானேதான் எழுதினேன்."

மேடம் கடிதத்தை மடித்துத் தன் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, பழைய படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதையும் நீங்களே படிங்க."

அவள் விரல் வைத்துப் படித்தாள். 'முழு நாள்' என்ற கட்டம் காலியாக இருந்தது. அவள் கையால் போட்ட டிக், மூன்றாவது கட்டத்தில் இருந்தது.

அதற்குக் கீழே, மேடத்தின் கையெழுத்தில்:

'வாயால் கேட்டது முழு நாள். டிக் போட்டது இங்கே. வரிசையில் எல்லார் முன்னாலும் கேட்க மனசு வரவில்லை. குழந்தையோடு அம்மாவுக்கும் சேர்த்து இடம் கொடுக்கவும்.'