ஒரு லாரித் தண்ணீர்

"தண்ணி இல்லன்னா இல்லம்மா! நான் என்ன, கண்ணீரைப் பிடிச்சா மெஷின்ல ஊத்த முடியும்?"

டயாலிசிஸ் பிரிவின் மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை போட்டிருந்தார்.

எதிரே நின்றவள் தையல்காரி. பக்கத்தில் வீல்சேரில் அவள் கணவன். நேற்றே அவனுக்கு ரத்தம் சுத்திகரித்திருக்க வேண்டும். "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த நாளைதான் இன்று. பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்தே கிடந்தான்.

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. இவரைக் கொஞ்சம் பாருங்க சார். இன்னும் தள்ளிப்போனா நுரையீரல்ல நீர் கோத்துக்கும்னு உங்க டாக்டரே சொல்லியிருக்காரு."

"டாக்டரே வந்து நின்னாலும் காத்துல மெஷின் ஓடாது. ஊரே தண்ணிக்கு அலையுது. இதுல மெஷினுக்கு ஒரு பங்கு தண்ணியைச் சுத்தமா எடுக்கணும்னா இன்னொரு பங்கு மிச்சமா வெளிய போகும், தெரியுமா? பூமி எப்படித் தாங்கும்? நாமதான் இயற்கையை மதிச்சுக் கொஞ்சம் பொறுத்துப் போகணும்."

பிரசங்கம் முடிந்த மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷன்!

தண்ணீர்ச் சிக்கனத்தை யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்? டாக்டர் அளந்துதான் கொடுக்கச் சொன்னார் என்று, கட்டினவன் தொண்டை வறண்டு கேட்டாலும் கால் தம்ளருக்கு மேல் தராமல், கல்நெஞ்சுக்காரி என்று பேர் வாங்கினவள் அவள்.

"பூமி தாங்கும் சார். இவரு தாங்க மாட்டாரு!"

"விடு," என்றான் கணவன், மூச்சு வாங்க. "என் உடம்பு பூரா தண்ணிதான். என்னைப் பிழிஞ்சு மெஷின்ல ஊத்திக்கச் சொல்லு."

பெஞ்சில் காத்திருந்த மற்ற நோயாளிகள் சிரித்துவிட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நர்ஸ் அவளை மெல்ல ஓரமாக இழுத்தாள். "அவருகிட்ட மோதாதீங்கக்கா. ஒரே ஒரு லாரித் தண்ணி வந்தாப் போதும். இங்க உக்காந்திருக்கிற எல்லாருக்கும் போட்டுடலாம். நானும் வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, வெளியே ஹாரன் சத்தம். ஜன்னலில் எட்டிப்பார்த்த நர்ஸ் கூவினாள்: "லாரி! தண்ணி லாரி!"

பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது. நர்ஸ் மெஷின்களைத் தயார் செய்ய உள்ளே ஓடினாள். தையல்காரிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"மகராசனா இருங்க சார்! வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

"சரிம்மா, சரிம்மா," என்று அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் மேனேஜர் வெளியே விரைந்தார்.

மனசு கேட்காமல் அவளும் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனாள். லாரி டிரைவர் குழாயை இழுத்துக்கொண்டு நடந்தான். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினான். மூடியைத் திறக்கவில்லை. முன்பக்கத் தோட்டத்துக்குப் போய்ப் புல்லின் மேல் பீய்ச்சி அடிக்க ஆரம்பித்தான்.

"தம்பி! தொட்டி இங்க இருக்குப்பா!"

"தெரியும்க்கா. தோட்டத்துக்குத்தான் அடிக்கச் சொன்னாங்க. அடிச்சிட்டு லாரியை உடனே வெளிய எடுத்துடணுமாம்."

அவளுக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்!

"அடப்பாவிங்களா! உள்ள உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, புல்லுக்கா தண்ணி ஊத்தறீங்க? சோறுதான் திங்கறீங்களா? இந்தப் புல்லுக்கு என்ன, மூச்சா முட்டுது?"

மேனேஜர் பதறிப்போய் அவளிடம் ஓடிவந்தார்.

"ஐயோ, கத்தாதீங்கம்மா! விவரம் புரியாமப் பேசறீங்க. தண்ணியை வீணாக்காத ஆஸ்பத்திரின்னு நமக்கு விருது குடுக்கப் பெரிய ஆளுங்க வந்துக்கிட்டிருக்காங்க. இந்தத் தோட்டமே டயாலிசிஸ்ல மிச்சமாகிற தண்ணியில வளர்றதுதான். இப்பத்தான் டயாலிசிஸே நடக்கலையே, செடிக்குத் தண்ணி எங்கேருந்து வரும்? அதான் வெளிய வாங்கினோம். காஞ்ச தோட்டத்தைப் பார்த்தா விருது குடுப்பாங்களா? வர்றவங்களுக்கு நான் எதைக் காட்டறது, சொல்லுங்க?"

அவள் வீல்சேரை ஈரப் புல்லின் நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்தி, பிரேக்கைப் போட்டாள்.

"இவரைக் காட்டுங்க."