மொட்டை வால் ஓவியர்

கதவிடுக்கில் மாட்டி வாலைப் பறிகொடுத்த நாள் முதல் பல்லியார் பெரிய ஓவியராகிவிட்டார். மிச்சமிருந்த மொட்டை வாலைச் சாயக் கிண்ணத்தில் தோய்த்து, சுவரில் இழு இழு என்று இழுப்பார்.

"அடுத்த கோடு எங்கே போகும்னு எனக்கே தெரியாதும்மா. நானா வரையறேன்? என் துக்கம்ல வரையுது!" என்பார். பல்லியைக் கண்டால் ஓடவேண்டிய கரப்பான் அம்மாள்கூட அங்கேயே நின்று ஆறு காலாலும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலையில் பார்த்தால், புது வால் முளைத்திருந்தது. அதுவும் பழையதைவிடக் கொழுகொழுவென்று! துக்கம் போனால் பேரும் போச்சே! பல்லியார் வாலைச் சுருட்டி வயிற்றுக்கடியில் ஒளித்துக்கொண்டு, "ஐயோ, என் இழப்பே!" என்று வழக்கத்தைவிட உரக்க முனகினார்.

ஜன்னலில் இருந்த மைனா இதைப் பார்த்துவிட்டது. யார் குரலையும் பேசிக்காட்டும் வாயாடி அது. முதலில் பல்லியார் குரலிலேயே, "ஐயோ, என் இழப்பே!" என்று இழுத்தது. அப்புறம் பூனைக் குரலில், "மியாவ்!"

அவ்வளவுதான். பயத்தில் வால் தானாகக் கழன்று சாயக் கிண்ணத்தில் விழுந்தது. விழுந்த வேகத்தில் துள்ளி வெளியே குதித்து, தரையெல்லாம் நீலமாகச் சுழித்துச் சுழித்துக் கோடு போட்டது.

"அடடா! என்ன துடிப்பு, என்ன தவிப்பு!" என்று கரப்பான் அம்மாள் விம்மினாள்.

"அம்மா, அது என்னோட வாலும்மா!" என்று பல்லியார் குறுக்கே ஓடிவந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா," என்று அதட்டினாள் அவள். "ஓவியர் வரைஞ்சிட்டிருக்கார், மறைக்காதீங்க!"