தைலம்மாளின் வியாதிகள்

திங்கட்கிழமை தைலம்மாளுக்கு இருமல். செவ்வாய்க்கிழமை நாய்க்கடி. வியாழக்கிழமை ஆறு மாசக் கர்ப்பம்.

வயசு மட்டும் மாறாமல் ஐம்பத்திரண்டு!

சிவரஞ்சனிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கள்ளக்குறிச்சியில் அந்த இலவச ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகிறது. டாக்டர் எழுதின சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் இந்தக் கூத்து கண்ணில் பட்டது.

ஒரு நாளைக்கு எண்பது சீட்டுதான். ஆளுக்கு ஒன்று. விடிந்தும் விடியாமலும் வரிசை கட்டிவிடுவார்கள், எட்டரைக்கெல்லாம் தீர்ந்துபோகும். அதில் தினமும் ஒன்றைத் தட்டிக்கொண்டு போகிறாள், வாசலில் கூழ் விற்கிற இந்தத் தைலம்மாள்!

மறுநாள் காலை, சன்னலில் அவள் முகம் தெரிந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, கொழந்த எப்படி இருக்கு?"

"எந்தக் கொழந்த, கண்ணு?"

"உன் வயித்துல இருக்கிற கொழந்ததான். ஆறு மாசமாமே!"

வரிசையே கொல்லென்று சிரித்தது. தைலம்மாளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காத. சீட்ட வாங்கி யாருக்கு விக்கிற? உண்மையச் சொல்லு. இல்லேன்னா மேனேஜர்கிட்ட சொல்லி, கூழுப்பானையோட உன்ன வாசல வுட்டே கெளப்பிடுவேன்."

"ஐயய்யோ, விக்கலம்மா! மலை பஸ்ஸு எத்தன மணிக்கு வருதுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. சிவரஞ்சனி சங்கராபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள்.

"பத்து மணிக்கு. கல்வராயன் மலையில இருந்து எறங்குற சனம் நேரா இங்கதான் ஓடியாருது. நீ சீட்டு இல்லேன்றே. அப்புறம் என் பானைகிட்ட வந்து குந்திக்கினு அழுவுதுங்க. போன வியாழக்கெழம வெள்ளச்சின்னு ஒரு பொண்ணு, வாயும் வயிறுமா, காலு ரெண்டும் வீங்கிக்கினு வந்தா. எப்படித் திருப்பி அனுப்புறது, சொல்லு? என் சீட்டத்தான் குடுத்தனுப்பினேன். கீழ இருக்கறவன் தலவலின்னாலும் ஆறு மணிக்கே வந்து நின்னுக்கலாம். மலைக்காரனுக்கு உசுரே போனாலும் பஸ்ஸு வந்தாத்தானே?"

'நாளைக்குச் சீக்கிரம் வாங்க' என்று எத்தனை பேரை இதே சன்னலிலிருந்து விரட்டியிருக்கிறோம் என்று சிவரஞ்சனிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் விடவில்லை.

"அதுக்குன்னு உன் பேர்லயா? மருந்து மாறிப்போனா?"

"டாக்டருகிட்ட உன் நெசப் பேரையும் வயசையும் சொல்லிடுன்னு வர்றவங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்புவேன்."

"எங்ககிட்டயே வந்து கேட்டிருக்கலாமே?"

"நல்லா கேட்ட போ! ஏழை சொல்லு அம்பலம் ஏறுமா?"

சிவரஞ்சனி பேனாவை மூடினாள்.

"சரி, இனிமே உங்க பேர்ல வேணாம். மலை பஸ்ஸுக்குன்னு பத்து சீட்டு தனியா எடுத்து வெக்கச் சொல்லி, மேனேஜர்கிட்ட நானே பேசுறேன். போங்க."

தைலம்மாளுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "நீ நல்லாருக்கணும் கண்ணு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். அப்போதுதான் சிவரஞ்சனி பார்த்தாள். அவள் விந்தி விந்தி நடந்தாள். இடது கால் கட்டைவிரலில் அழுக்குத் துணியில் ஒரு கட்டு.

"யம்மா, நில்லுங்க! கால்ல இன்னா?"

"புண்ணு கண்ணு. சக்கரை. ரெண்டு மாசமா ஆறவே மாட்டேங்குது."

"ரெண்டு மாசமாவா! தெனமும் சீட்டு வாங்கினீங்களே, ஒரு நாளாவது டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எங்க கண்ணு? இருக்கறது ஒரு சீட்டு. என்னவிட முடியாத ஆளு ஒருத்தர் தெனமும் பஸ்ஸ வுட்டு எறங்கிடறாங்களே!"